முதுகில் முள் இருந்த மிருகம்

புதுப் பட்டை உதறிப் பிரித்தால் ஒரு வாசனை வருமே, கஞ்சியும் சாயமும் கலந்தது, அது நேற்று ஜவுளிக்கடையில் மூக்கில் ஏறியதும் எனக்கு உன் வீட்டுத் தறிக்கூடம் ஞாபகம் வந்தது. அதோடு நின்றிருந்தால் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த புடவையைப் பார்த்திருப்பேன். நீ போய் எட்டு மாசம் ஆகிறது, பெருமூச்சு விட்டுப் பழகியாயிற்று. ஆனால் கடைக்காரர் அந்த அரக்குப் புடவையின் முந்தானையை வெள்ளை விரிப்பின் மேல் நீட்டிப் போட்டார். ஜரிகையில் அது நின்றுகொண்டிருந்தது.

அதேதான். யாளித் தலை, அன்னத்தின் வளைந்த கழுத்து, நாலு கால், மீன் வால். முதுகு நெடுக, பனை மட்டையின் கருக்கு மாதிரி வரிசையாக முள். மூன்று கால்களில் நாலு நாலு நகம், இடது முன்காலில் மட்டும் மூன்று. கட்டத்தாளில் ஒரு கட்டத்தை நிரப்ப நீ மறந்துபோனதால் குறைந்த நகம் அது. பத்தாங்கிளாஸ் படிக்கும்போது நீ வரைந்த மிருகம், பதினைந்து வருஷம் கழித்து, அதே குறையோடு என் முன்னால் வந்து நிற்கிறது.

கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "பல்லவர் காலத்து டிசைன்மா. கோயில் தூண்ல இருக்குது, அதைப் பார்த்து எடுத்தது. அம்மனோட வாகனம்" என்றார். பேர் வேறு வைத்திருக்கிறார்கள், வாய் கொள்ளாத ஒரு வடமொழிப் பேர். அதை இங்கே எழுத மாட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும்.

வாகனமாம். முதுகு முழுக்க முள் வைத்த மிருகத்தின் மேல் எந்த அம்மன் ஏறி உட்காருவாள்? நெய்தவன், விற்றவன், வாங்கிக் கட்டிக்கொண்டு போனவள், ஒருத்தருக்காவது இந்தச் சந்தேகம் வந்திருக்கக் கூடாதா?

என் பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவருடைய பெரிய மகளுக்குத் தை மாசம் கல்யாணம், அதற்குத்தான் பட்டு எடுக்கப் போயிருந்தோம். கழுத்தில் துளசி மாலை, நெற்றியில் சந்தனம், மலைக்குப் போக விரதம் இருக்கிறார். முந்தானையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "தெய்வீகமா இருக்குதுபா, இதையே எடுத்துடலாம்" என்றார். அந்தப் பக்கம் அவருடைய சின்ன மகள், பதினாலு வயசு, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். போன வாரம்தான் அவள் படித்துக்கொண்டிருந்த மாயாஜாலக் கதைப் புத்தகத்தை அண்ணன் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். இந்த மாதிரி பறக்கிற குதிரை, பேசுகிற பாம்பு என்று படித்துக்கொண்டிருந்தால் பெண்ணுக்குச் சாமி பக்தி போய்விடுமாம். அந்த மனுஷர்தான் உன் கற்பனையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

என் அண்ணனை உனக்கு வேறு மாதிரிதான் தெரியும். அப்போது அவர் சாமி இல்லை என்று மேடை ஏறிப் பேசிக்கொண்டிருந்தவர். எங்கள் கிராமம் தென்னேரியில் ஏர் பிடித்துக்கொண்டிருந்தவர், டவுனுக்கு வந்து கட்சியில் சேர்ந்து, முதல் வேலையாகப் பூஜை மாடத்துப் படங்களை எடுத்துப் பரணில் போட்டார். ஹைஸ்கூல் படிக்க நான் அவரோடு வந்து தங்கியபோது அந்த மாடத்தில் அவருடைய ஷேவிங் சாமான் இருந்தது. அடுத்த வீடு உன்னுடையது. விபூதி பூசாமல் தறியில் கால் வைக்காத உன் அப்பா, வெள்ளிக்கிழமை தவறாத உன் அம்மா, சுவர் முழுக்கச் சாமி. உன் வீட்டில் சாமி அதிகம், என் வீட்டில் சாமியே கிடையாது. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்.

மாசத்துக்கு ஒரு தடவை வருகிற மாயாஜாலக் கதைப் புத்தகத்தை வாடகைப் புத்தகக் கடையில் எடுத்து வருவது என் வேலை. நீ ராட்டையில் பட்டு சுற்றிக்கொண்டிருப்பாய், நான் எதிரில் உட்கார்ந்து படிப்பேன். உன் கை நிற்காது, காது இங்கே இருக்கும். ராஜகுமாரன் ஏழு கடல் தாண்டுவான், மந்திரவாதியின் உயிர் கிளிக்குள் இருக்கும், ராஜகுமாரி ஏதாவது ஒரு மாளிகையில் தூங்கிக்கொண்டிருப்பாள். நாலு மாசம் பொறுமையாகக் கேட்ட நீ ஐந்தாம் மாசம் ராட்டையை நிறுத்திவிட்டு, "இவ எப்பதான்டி எழுந்திருப்பா?" என்றாய். அன்றைக்கு ஒரு கோடு போட்ட நோட்டில் நம் கதை ஆரம்பித்தது. ஏழு கடலையும் ராஜகுமாரர்கள் தாண்டிவிட்டதால் நமக்கு எட்டாவது கடல் என்று முடிவு செய்தாய். ஒரு அத்தியாயம் நீ, ஒரு அத்தியாயம் நான். யார் முறையோ அவர் வீட்டில் நோட்டு இருக்கும்.

அந்த மிருகம் கதைக்குள் வந்த விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

நீ பெரிய மனுஷி ஆன பிறகு மாசத்தில் மூன்று நாள் உன்னை வீட்டுக்குப் பின்னால் இருந்த ஓலைக் கொட்டகையில் உட்கார வைப்பார்கள். தனிச் சாப்பாட்டுத் தட்டு, தனிக் குவளை, ஒரு கோணிப்பை. பூஜை அறை கூடாது, கோயில் கூடாது. அது மற்ற வீடுகளிலும் உண்டு. உன் வீட்டில் தறியும் கூடாது. பட்டை நீ தொட்டால் தீட்டு, தறியில் ஏற்றிய பாவு நூலின் மேல் உன் நிழல் விழுந்தாலும் தீட்டு. மற்ற நாளெல்லாம் அப்பாவுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து புடவைக் கரைக்கு நூல் ஓட்டுகிற நாடாவைத் தள்ளுகிற கை, அந்த மூன்று நாள் மட்டும் ஆகாத கையாகிவிடும். நான் பின்பக்கமாகச் சுற்றி வந்து கொட்டகை வாசலில் நிற்பேன். கிட்டே வராதே என்பாய். எங்கள் வீட்டில் இதெல்லாம் பார்க்க மாட்டார்கள் என்று சொல்லி உள்ளே வந்து உட்காருவேன்.

ஒரு பங்குனியில் சாமி புறப்பாடு. தெருவில் மேளம், அதிர்வேட்டு, ஜனம். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வாகனம், உனக்குத்தான் தெரியுமே, சிங்கம், அன்னம், ரிஷபம், யாளி. எந்தெந்த வாகனத்துக்கு எந்த இடத்தில் பூச்சு உதிர்ந்திருக்கிறது என்பது வரை சொல்கிறவள் நீ. அன்றைக்குக் கொட்டகையில் இருந்தாய். மேளச் சத்தம் உன் வீட்டு வாசல் வரை வந்து, தாண்டிப் போயிற்று. நீ அழவில்லை. கோணிப்பையின் நூலை உருவிக்கொண்டே சொன்னாய்: "மூணு நாளைக்கு நான் சாமிகிட்ட போகக்கூடாது. சரி. சாமி என்கிட்ட வரலாம் இல்ல? எல்லா மிருகமும் சாமியத் தூக்கிக்கினு போயிடுது. ஒண்ணாவது சும்மா இருந்து என் பக்கத்துல உட்காரக் கூடாதா?"

அடுத்த அத்தியாயத்தில் அது வந்துவிட்டது. எட்டாவது கடலைத் தேடிப் போகிற பெண் களைத்து உட்காரும்போது வந்து பக்கத்தில் உட்காரும். வேறொன்றும் செய்யாது. சண்டை போடாது, பறக்காது, புதையல் காட்டாது. ஏன் முள் என்று கேட்டேன். யாரும் ஏறி உட்காரக் கூடாது என்றாய். பேர் வைக்கலாமே என்றேன். "பேர் வெச்சா கூப்பிடுவாங்க, கூப்பிட்டா வேலை சொல்லுவாங்க. வேணாம்" என்றாய். அதனால் அது வெறும் 'அது'. கடைக்காரர் சொன்ன பேரை நான் எழுதாதது அதனால்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்லாதது. அது உனக்கு மட்டும் வரவில்லை. மாடத்தில் ஷேவிங் சாமான் இருந்த வீட்டில், யாரைக் கும்பிடுவது, கும்பிட வேண்டுமா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த எனக்கும் அது வந்தது. பரீட்சை ஹாலில் என் பெஞ்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அப்பா செத்த சேதி தென்னேரியிலிருந்து வந்த அன்றைக்கு, பஸ்ஸில் என் காலடியில் இருந்திருக்கிறது. கும்பிடச் சொல்லவும் இல்லை, கும்பிடாதே என்று சொல்லவும் இல்லை. பதினைந்து வயசில் ஒரு பெண்ணுக்கு அதைவிட என்ன வேண்டும்?

ஆனால் உனக்குப் பக்தி கெட்டுப்போனதாகப் பிறகு சொன்னார்களே, அந்த வாய்கள் அழுகட்டும். அம்மன் சந்நிதியில் கண் மூடி நீ நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பின்னால் வருகிறவர்கள் இடிப்பார்கள், உனக்குத் தெரியாது. உன்னைப் போல் அந்த இடத்தில் நின்றவள் ஒருத்தியைக் காட்டச் சொல். ஒருத்தியைக் காட்டச் சொல்லேன், பார்க்கலாம்.

நாம் பத்தாங்கிளாஸ் படித்த வருஷம், ஆடி மாசத்துக்கு முன்னால் உன் அப்பாவுக்கு ஒரு வேலை வந்தது. பாவும் ஜரிகையும் கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளி அவரைக் கூப்பிட்டு, ஒரு உபயக்காரர் அம்மனுக்குப் புடவை சாத்தப் போகிறார், முந்தானையில் கோயிலில் இருப்பதாக, இதுவரை யாரும் எடுக்காததாக ஒன்று வேண்டும் என்றார். நம் ஊரில் அதுதானே வழக்கம். தூணைப் பார்ப்பார்கள், கட்டத்தாளில் வரைவார்கள், கட்டத்துக்கு ஒரு ஓட்டையாக அட்டையில் குத்துவார்கள், அந்த அட்டைகளைக் கோத்துத் தறிக்கு மேலே பெட்டியில் மாட்டினால் உருவம் தானாகத் துணியில் இறங்கும். உன் அப்பாவுக்குக் கண் கொஞ்சம் மங்கல். இரண்டு வருஷமாகக் கட்டத்தாள் உன் கையில்தான் இருந்தது.

நீ அதை வரைந்தாய். அப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது எங்கே இருக்கிறது என்று கேட்டார். கோயில் மண்டபத்தில் உள் வரிசைத் தூணில் என்று சொன்னாய். நம்பினார். இந்த ஊரில் யார்தான் நம்ப மாட்டார்கள்? அந்த மண்டபத்துத் தூண்களில் இருக்கிற உருவமெல்லாம் இத்தனை என்று அடித்துச் சொல்ல ஒரு ஆள் கிடையாது. வேறு ஊராக இருந்தால் உன் பொய் அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

எனக்குத் தெரிந்ததும் பயந்துபோய் ஏன்டி இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். நீ கட்டத்தாளின் ஓரத்தை நீவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாய்: "அது ஒரு வாட்டியாவது அம்மன் பக்கத்துல இருக்கட்டுமே. என்னால எல்லா நாளும் போக முடியல. அது போவும் இல்ல?" இதைத் திமிர் என்று பிறகு சொன்னார்கள். இதைவிடப் பெரிய வேண்டுதலை நான் எந்தக் கோயிலிலும் கேட்டதில்லை.

புடவை தறியிலிருந்து இறங்கியது. உன் அப்பாவின் பெருமையைப் பார்க்க வேண்டுமே. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் என் பெண் எடுத்த உருவம் என்றார். அந்தப் பெருமைதான் வினையாயிற்று. உபயக்காரரின் அண்ணன், ஊரில் பெரியவர் என்று பேர் எடுத்தவர், முந்தானையைப் பார்த்துவிட்டு எனக்குத் தெரியாத தூணா என்றார். சவால் மாதிரிதான் ஆரம்பித்தது. அடுத்த நாள் காலையில் கோயில் மண்டபத்தில் அவர், அவர் தம்பி, முதலாளி, உன் அப்பா, இன்னும் நாலைந்து ஆண்கள், முன்னால் நீ. காட்டு என்றார்கள். நானும் கூடவே வந்தேன்.

நீ உள் வரிசையில் முதல் தூணில் கை வைத்தாய். சுற்றி வந்தாய். அடுத்த தூண். அதற்கடுத்தது. பின்னால் வேட்டிகள் சரசரவென்று வந்துகொண்டே இருந்தன. ஒரு சுற்று முடிந்தது. மறந்திருப்பாள், இன்னொரு தடவை பார்க்கட்டும் என்றார் உன் அப்பா. அவர் குரலில் இன்னும் நம்பிக்கை இருந்தது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இரண்டாவது சுற்றில் நீ ஒவ்வொரு தூணையும் நிமிர்ந்து பார்த்தாய், உண்மையாகவே தேடுகிறவள் மாதிரி. எங்கேயாவது இருந்துவிடாதா என்று நீ தேடினாய் என்றுதான் நினைக்கிறேன். அந்த அம்மன் நினைத்திருந்தால் ஒரு தூணில் காட்டியிருக்கலாம்.

மூன்றாவது சுற்றில் பெரியவர் என் பக்கம் திரும்பி, நீ இவள் சிநேகிதிதானே, நீ பார்த்தாயா என்று கேட்டார்.

நான் சொல்லிவிட்டேன். இது தூணில் இல்லை, கதையில் வருவது, நாங்கள் எழுதுகிற கதை என்றேன். கதைதானே, சின்னப் பிள்ளைகள் விளையாட்டு என்று விட்டுவிடுவார்கள், நீ சுற்றுவது நிற்கும் என்று நினைத்தேன். அவர்கள் நம்பவில்லை. என் முறை என்பதால் நோட்டு என் வீட்டில் இருந்தது. யாரும் அனுப்பவில்லை, நானே ஓடினேன். நானே எடுத்து வந்து அந்த மனுஷர் கையில் கொடுத்தேன். என்ன புத்திசாலி பார்.

அவர் புரட்டினார். கொட்டகையைப் பற்றி நீ எழுதிய பக்கத்தில் நின்றார். மூன்று நாள், கோணிப்பை, தனிக் குவளை, அது வந்து பக்கத்தில் உட்காருவது. அத்தனை ஆண்களுக்கு நடுவில், உன் அப்பா முன்னால், அதைச் சத்தமாக வாசித்தார். ஒரு வரி விடவில்லை. வீட்டுப் பெண்கள் தங்களுக்குள் கூடக் குரலைத் தணித்துப் பேசுகிற விஷயத்தை மண்டபம் எதிரொலிக்க வாசித்த அந்த ஆளுக்குக் கூச்சமே இல்லை. எழுதிய நீதான் கூசிப்போய் நின்றாய். உன் அப்பா மேல்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகு நடந்த பேச்சை முழுசாக எழுத எனக்குப் பொறுமை இல்லை. தீட்டு நாளில் பக்கத்தில் வந்து உட்காருகிற ஜந்துவை அம்மன் புடவையில் ஏற்றிவிட்டாளே என்றார்கள். கதைப் புத்தகம் படித்துப் படித்துப் பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். சாமி இருக்கிற ஊரில் புதுச் சாமி பண்ணுகிறாளா என்று ஒருவர் கேட்டார். ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட, அந்தப் பிள்ளை ஏன் இப்படி எழுதினாள் என்று கேட்கவில்லை. அம்மன் ஒன்றும் கோபித்துக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. மழை பெய்தது, ஆடித் திருவிழா நடந்தது. கோபித்தது எல்லாம் வேட்டி கட்டிய ஆட்கள்.

முதலாளியின் கூடத்தில் வைத்து முந்தானையைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார்கள். நீயே பார்க்க வேண்டும் என்று உன்னையும் நிற்க வைத்தார்கள். நோட்டை நாலாகக் கிழித்துப் போட்டார்கள். அட்டைகளை முதலாளி வாங்கிக்கொண்டு, அடுப்பில் போட்டு எரித்துவிடுகிறேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். உன் அப்பா உன்னை அடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "இனிமே தறிப்பக்கம் வராதம்மா" என்று மட்டும் சொன்னார். அடித்திருக்கலாம். அடுத்த வாரத்திலிருந்து நீ ஸ்கூலுக்கும் வரவில்லை. அடுத்த தையில் வாலாஜாபாத்தில் அரிசி மில்லில் வேலை பார்த்தவருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். கணக்கில் என்னைவிடப் பத்து மார்க் அதிகம் வாங்குகிற பெண். பெரிய படிப்புப் படித்து டிராயிங் டீச்சர் ஆகப் போகிறேன் என்றவள். நான் படித்து முடித்து அதே ஸ்கூலில் இன்றைக்கு டீச்சர். உன் இடத்தில் நான் நிற்கிற மாதிரி எனக்குத் தோன்றாத நாள் இல்லை.

எங்கள் அண்ணன் அப்போது என்ன சொன்னார் தெரியுமா? அவர் உனக்காக வாய் திறப்பார் என்று நம்பி அழுதுகொண்டே போய்ச் சொன்னேன். மேடையில் அவ்வளவு பேசுகிறவராயிற்றே. அவர் சிரித்தார். கதையும் பொய், சாமியும் பொய், இரண்டு பொய்யும் சண்டை போட்டுக்கொண்டால் எனக்கென்ன என்றார். என்னிடம் இருந்த கதைப் புத்தகங்களை அன்றைக்கே எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

பிறகு நாம் பார்த்தது ஒரே ஒரு தடவை, வாலாஜாபாத் சந்தையில். இடுப்பில் குழந்தை, கையில் கத்தரிக்காய்ப் பை. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "நீ நெஜத்தத்தானே சொன்ன? பொய் சொன்னது நான்தானே" என்றாய். எனக்கு உன் மேலேயே ஆத்திரம் வந்தது. திட்டியிருக்கலாம், காறித் துப்பியிருக்கலாம், எல்லாவற்றையும் நீயே உன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டால் நான் எங்கே போவது? பஸ் வந்துவிட்டது. ஏறப் போன என் கையைப் பிடித்து, குழந்தைக்குக் கூடக் கேட்காத குரலில், "அது இன்னும் வருது" என்றாய். அவ்வளவுதான் உன்னிடமிருந்து நான் கடைசியாகக் கேட்டது. போன பங்குனியில் உன் மூன்றாவது பிரசவம் சிக்கலாகிவிட்டது என்று சேதி வந்தபோது எல்லாம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

இப்போது கடைக்கு வா. அந்த டிசைன் யாரிடமிருந்து வந்தது என்று கேட்டேன். எங்கள் கடை முதலாளி வாங்கிய பழைய அட்டை, ஒரு பெரிய வீட்டுப் பரணில் இருந்தது என்று பெருமையாகச் சொன்னார் கடைக்காரர். உன் அப்பாவின் முதலாளி எரிக்கவில்லை. ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு தீட்டு என்று வெட்டிப் போட்டதன் அட்டையை, ஒரு ஓட்டை குறையாமல் பத்திரமாகப் பரணில் வைத்திருந்திருக்கிறார்கள். உன் பொய்யையும் கூடவே வைத்திருந்திருக்கிறார்கள். கோயில் தூணில் இருக்கிறது என்று நீ சொன்னதற்கு உன் படிப்பைப் பறித்தார்கள். அதே சொல்லை இன்றைக்கு அட்டைச் சீட்டில் அச்சடித்துப் புடவையோடு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

நான் கேட்டேன்: "எந்தத் தூண்?"

அந்தப் பெரியவர் கேட்ட அதே கேள்வி. கடைக்காரர் அசரவில்லை. "உள்ள எங்கியோ இருக்குதும்மா, தூண் நெறைய இருக்குது இல்ல?" என்றார். பார், இவர் சொன்னால் போதும். இவரை யாரும் மூன்று சுற்றுச் சுற்ற வைக்க மாட்டார்கள். வா காட்டு என்று நான் எழுந்து நின்றேன். அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்து, கடையில் மானத்தை வாங்காதே என்றார். நான் உட்காரவில்லை. இது எந்தத் தூணிலும் இல்லை, வாகனமும் இல்லை என்று சொல்லி உன் பேரைச் சொன்னேன். முழுப் பேர், அப்பா பேரோடு. பக்கத்தில் புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னேன்.

கடைக்காரர் குழம்பிப்போய், "யாரும்மா அவங்க, ஸ்தபதியா? எந்தக் காலம்?" என்றார்.

"பத்தாங்கிளாஸ் பி செக்‌ஷன்" என்றேன்.

புடவை எடுக்காமல் வந்துவிட்டோம். வழியெல்லாம் அண்ணன் பொருமிக்கொண்டே வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் நான் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்து, சின்னவளின் கதைப் புத்தகத்தை அவள் கையில் கொடுத்தேன். பக்தி போய்விடும் என்று அண்ணன் மறுபடி ஆரம்பித்தார். நான் சொன்னேன்: "அண்ணா, அப்போ சாமி இல்லன்னு பூட்டின. இப்போ சாமி இருக்குதுன்னு பூட்டற. பூட்டு மட்டும் மாறவே இல்ல." அவர் மாலையைத் தொட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். நானும் ஒன்றும் யோக்கியமில்லை. வகுப்பில் பாடப் புத்தகத்துக்குள் மறைத்துக் கதை படிக்கிற பெண்களிடமிருந்து பிடுங்கிய புத்தகங்கள் ஆறேழு என் மேஜை டிராயரில் கிடக்கின்றன. திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

சின்னவள் புத்தகத்தைத் திறக்கவில்லை. என் பின்னாலேயே வந்து, அந்த மிருகத்தின் மேல் ஏன் முள் என்று கேட்டாள். சொன்னேன். முதல் அத்தியாயத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன், உன்னுடையதையும் என்னுடையதையும். நோட்டைக் கிழித்தால் என்ன, எனக்கு வரி வரியாக மனசில் இருக்கிறது. நீ கடைசியாக எழுதியதைச் சொல்லி நிறுத்தினேன். தேடிப் போன பெண் எட்டாவது கடலின் கரையில் உட்கார்ந்தாள், அது வந்து பக்கத்தில் உட்கார்ந்தது, அப்புறம். அந்த 'அப்புறம்' என்ற சொல்லோடுதான் நோட்டை என்னிடம் கொடுத்திருந்தாய். மண்டபத்தில் பெரியவர் கையில் நான் கொண்டுபோய்க் கொடுத்தபோது அதற்குக் கீழே காலியாக இருந்தது.

"அப்புறம் என்ன ஆச்சு அத்தை?" என்று கேட்டாள் சின்னவள்.

இன்றைக்குக் காலையில் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன். பதினைந்து வருஷமாக என் முறை அப்படியே நிற்கிறது. பேனாவைத் திறந்தால் கதை வரவில்லையடி, கோபம்தான் வந்தது. அதை முதல் பக்கங்களில் உனக்கு எழுதிவிட்டேன், இதோ. இனி அடுத்த பக்கத்திலிருந்து கடற்கரை.